இறக்கி வைப்பவர்

மனிதர்களில் இறக்கி வைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தலைச்சுமையை அல்ல, பழைய வீடியோ கேம்களை. செய்த கம்பெனியே மறந்துபோன விளையாட்டுகளை முகம் தெரியாத புண்ணியவான்கள் யாரோ இணையத்தில் கேட்பாரற்று அடுக்கி வைத்திருக்க, இவர் அவற்றை வரிசையாக இறக்கி, ஹார்ட் டிஸ்கில் அடைத்து, அது நிரம்பியதும் இன்னொன்று வாங்கி அதிலும் அடைப்பார். விளையாடுவாரா? அதற்கு நேரம் ஏது?

என் சகலை இந்த இனத்தின் தலைமகன். மருந்துக்கடைக்காரர். டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தரமாட்டார்.

"இது திருட்டு இல்லையா சகலை?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! பழசெல்லாம் அழிஞ்சிடாமக் காப்பாத்துறேன்."

"போன வாரம் வெளிவந்ததும் இருக்கே?"

"அதுவும் ஒருநாள் பழசாகும்ல?"

அவருடைய மகள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் வீட்டோடு கிடந்தாள். "அப்பா, ஏதாவது ஒரு கேம் போடுங்க. ரெண்டு பேரும் ஆடலாம்" என்றாள்.

சகலை பூரித்துப் போனார். ஆனால் எதைப் போடுவது? ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதைவிட நல்ல பதிப்பு இன்னொன்று இருந்தது. ஒருவழியாக ஒன்றைத் திறந்தால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தபோது படம் போய்விட்டது.

"ஆச்சாப்பா?"

"இதோ ஆச்சுடா கண்ணு."

அவர் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலி, ஊன்றுகோலையும் காணோம். எதிர்வீட்டுத் தையற்காரம்மா வீட்டிலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது.

அங்கே டி.வி.யில் மாட்டி ஆடும் ஒரு பழைய கன்சோல். அதில் ஒரே ஒரு கேசட். "மாட்டிக்கிச்சுங்க, வெளியவே வரமாட்டேங்குது. இதையேதான் ஆடுறோம்" என்று அந்தம்மா ரிமோட்டை அவர் கையில் திணித்தார். சகலை தோற்றார். "இன்னொரு தடவை!" என்று கத்தினார். மறுபடி தோற்றார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்கும் வாங்கப்பா" என்றாள் மகள்.

மறுநாளும் போனார். திருந்திவிட்டாரா? கிளம்புமுன் ஒன்றை இறக்கப் போட்டுவிட்டுத்தான் போனார்.

வாசகரே, இந்தப் புத்தகத்தைக் கடையில் வாங்கினீர்களா, யாரோ அனுப்பிய பிடிஎஃப்பா என்று நான் கேட்கப் போவதில்லை. இந்தப் பக்கம் வரை படித்திருக்கிறீர்கள். ஆகவே காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பீர்கள். இறக்கி வைத்தவர் எவரும் இதைத் திறந்தே இருக்கமாட்டார்.

அட, ஏன் சட்டென்று திரையை அணைக்கிறீர்கள்?