இடது சிக்னலும் இரண்டு யானைகளும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு வேலையைப் பன்னிரண்டு நிமிட வீடியோவில் செய்து காட்டினால், அதை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்று மனதார நம்புவேன். கனடாவில், மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய், பாத்திரம் கழுவும் இயந்திரம், பக்கத்து வீட்டு வேலியின் ஒரு பகுதி எல்லாம் இந்த நம்பிக்கைக்குப் பலியானவை. ஒரு மாப்பிள்ளையையும் சேர்த்துப் பலி கொடுக்கப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

என் மனைவி சுகந்தியின் தம்பி நிரோஷனுக்கு மிசிசாகா மண்டபம் ஒன்றில் கல்யாணம். மணவறைக்கு இரு பக்கமும் நிறுத்த ஆளுயர ஃபைபர் யானைகள் இரண்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். யானைகளை மட்டுமல்ல, மாப்பிள்ளையையும் என்னுடைய ட்ரக்கிலேயே கொண்டுவருகிறேன் என்று எல்லார் முன்னாலும் சவடால் விட்டவன் நான். (ட்ரக் வாங்கி ஒரு மாதம். அதுவரை அதில் ஏற்றியது இரண்டு மூட்டை அரிசி.)

யானைகளை ஏற்றும் ட்ரெய்லருக்கு மின்சார பிரேக். நான் பெடலை மிதிக்கும்போது பின்னால் வரும் ட்ரெய்லரும் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே கொன்ட்ரோலர் என்றொரு சின்னப் பெட்டியைப் பூட்ட வேண்டும். கராஜ்காரர் அடுத்த கிழமை வரச் சொன்னார். கல்யாணம் இந்த ஞாயிறு. நான் வீடியோவைத் திறந்தேன்.

நாலே நாலு வயர்கள். மூன்றை மளமளவென்று இணைத்துவிட்டேன். நாலாவது, சிவப்பு வயர், பிரேக் பெடலை மிதித்தால் மின்சாரம் வருகிற வயரோடு சேர வேண்டும். அதைத் தேடி, சீட்டில் கால்களும் பெடலுக்குப் பக்கத்தில் தலையுமாகக் கிடந்தேன். கையில் ஒரு சோதனை விளக்கு. பெடலை அமத்துவதற்கு, சுகந்தியை, வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு மறுபக்கக் கதவால் வரவழைத்திருந்தேன். ஒரு வயரைக் குத்தியதும் விளக்கு பற்றியது, அணைந்தது, மறுபடி பற்றியது.

"ஏனப்பா விட்டு விட்டு அமத்துறீர்? ஒரேயடியா அமத்தும்," என்றேன்.

"நான் இன்னும் அமத்தவே இல்லை," என்றாள் சுகந்தி.

புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் சிவப்பு வயரை அதில் கொழுவி, டேப் சுற்றி, வெற்றியோடு வெளியே தவழ்ந்து வந்தேன். என் முழங்கால் இடது சிக்னல் தடியைத் தட்டிவிட்டிருந்தது எனக்குத் தெரியாது. (டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டதுதான். வேலை முடிந்த சந்தோஷத்தில் என் இதயம் என்று நினைத்தேன்.)

ஞாயிறு காலை. பக்கத்தில் பட்டு வேட்டியும் தலைப்பாவுமாக நிரோஷன், பின்னால் யானைகள். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு இடது சிக்னல் போட்டேன். யாரோ பின்னாலிருந்து எங்களைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டார்கள். நிரோஷனின் தலைப்பா மூக்குவரை இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு யானைகளும் பக்தியோடு முன்னும் பின்னும் ஆடின.

சிக்னலை நிறுத்தியதும் எல்லாம் நின்றது. ஏதோ கோளாறு, மற்ற வாகனங்களை எச்சரிப்போம் என்று, பொறுப்பான பிரஜையாக, நாலு பக்க அபாய விளக்கையும் போட்டேன். இடது சிக்னலும் அதில் ஒன்றல்லவா. அதற்குப் பிறகு நடந்தது பயணமில்லை, குலுக்கல். கடந்துபோன கார்களில் சனம் யானைகளைப் படம் பிடித்தது. ஒரு குழந்தை கும்பிட்டது.

"அத்தான், ப்ளீஸ், அதை ஓஃப் பண்ணுங்கோ," என்றான் நாக்கைக் கடித்துக்கொண்ட நிரோஷன்.

ஓரத்தில் நிறுத்தியபோதுதான் சுகந்தி சொன்ன வசனம் என் மூளையைப் போய்ச் சேர்ந்தது. இடது சிக்னல் போட்டால் ட்ரெய்லர் பிரேக் பிடிக்கும். பெடலை மிதித்தால் பிடிக்காது. நல்லவேளையாகப் பெட்டியில், கையால் அமத்துகிற பிரேக் பொத்தான் ஒன்றும் இருந்தது. ஆகவே நான் பெடலை மிதிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை குனிந்து பொத்தானை அமத்துவதென்று ஏற்பாடு. சிக்னல் போடாமல் இடது பக்கம் திரும்பலாமே என்று அவன் கேட்டான். இருபது வருடமாக நான் சிக்னல் போடாமல் திரும்பியதில்லை, இனி வலது பக்கம் மட்டுமே திரும்புவோம் என்றேன்.

மண்டபம் இடது பக்கத்தில் இருந்தது.

வாசலில் மேளகாரர், ஆலாத்தித் தட்டு, மாலையோடு பெண்ணின் தகப்பனார். எங்களைக் கண்டதும் மேளம் முழங்கியது. நாங்கள் கையசைத்துக்கொண்டு நேரே போனோம். நாலு தரம் வலது பக்கம் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வருவோம் என்பதை, அங்கேயே திரும்ப வந்த பிறகுதான் உணர்ந்தேன். இந்த முறை மேளம் சந்தேகத்தோடு தொடங்கி நடுவில் நின்றது. தகப்பனாரின் மாலை பிடித்த கை தாழ்ந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம்.

"அத்தான், அங்கிள் அழப்போறார்," என்றான் நிரோஷன்.

சட்டத்தை மீறுவதென்று நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டபோது அவனுடைய ஃபோன் அடித்தது. சுகந்தி. அவள் மண்டப வாசலில்தான் நின்றாள்.

"நிப்பாட்டிப்போடாதேங்கோ. இன்னும் ஒரு சுத்துச் சுத்தி வாங்கோ. பிறகு சொல்லுறன்."

மாப்பிள்ளை ஓடிப்போகிறானோ என்று பெண் வீட்டார் கலங்கிய அந்த நிமிடத்தில், எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை மூன்று சுற்றுச் சுற்றி வந்துதான் மண்டபத்தில் இறங்குவது வழக்கம் என்று அவள் கூசாமல் சொல்லியிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் மேளம் பிய்த்து உதறியது. வாசலில் திரும்பும்போது என் கை பழக்கத்தில் இடது சிக்னலைப் போட்டுவிட்டது. யானைகள் ஆடி ஆடி உள்ளே வந்தன. சனம் கைதட்டியது. பெண்ணின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன கோடையில் அதே பெண் வீட்டாரின் இன்னொரு கல்யாணம், யூனியன்வில் பக்கம். நானும் சுகந்தியும் வாசலில் நின்றோம். மாப்பிள்ளையின் கார் எங்களைக் கடந்து நேரே போனது. வழி தெரியாத ட்ரைவர் என்று நினைத்தேன். திரும்ப வந்தது, திரும்பவும் போனது. என் முகத்தைப் பார்த்த ஒரு வயதான அன்ரி இரக்கத்தோடு விளக்கினார்.

"உது எங்கட பழைய முறை, தம்பி. மூண்டு சுத்து. முந்தி யானையும் வாறது. இப்பத்தைப் பிள்ளையள் எல்லாத்தையும் சுருக்கிப்போட்டினம்."

சுகந்தி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான், "ஓம் அன்ரி," என்றேன்.