இன்னும் ஒரே ஒரு தட்டு

ஒரு தடவை போதாது என்று நினைக்கிற இனம் ஒன்று நம்மிடையே உண்டு. பார்த்திருப்பீர்கள். பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். இறங்கும் இடத்தை நடத்துனரிடம் ஏழெட்டு முறை சொல்லிவைப்பார்கள். போனை எடுக்கும்வரை விடாமல் அழைத்து, எடுத்ததும் "சும்மாதான்" என்பார்கள்.

மாரண்டஹள்ளி தக்காளி வியாபாரி சென்னப்பன் இந்த இனத்தின் மூத்த பிரதிநிதி. மனைவியைக் "குள்ளம்மா, குள்ளம்மா" என்று மூச்சுவிடாமல் கூப்பிடுவார். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருக்குக் காது மந்தம் என்பது சென்னப்பனின் கண்டுபிடிப்பு.

அப்படிப்பட்டவருக்கு விரல் மரத்துப்போனது. சாதாரண விரலா? பழத்தை ஒரு அழுத்து அழுத்தி, இது ஓசூர்வரை தாங்கும், இது சென்னைவரை தாங்கும் என்று சொல்லிப் பிழைக்கிற விரல்! பிழைப்பே போச்சு என்று, பாலக்கோட்டில் பிசியோதெரபி பார்க்கும் நிர்மலாவிடம் அழாத குறையாக ஓடினார்.

நிர்மலா அவர் கையில் மிஷினின் பட்டையை ஒட்டி, மின்சாரத்தை நிதானமாக விட்டார். டொக்... டொக்... ஒவ்வொரு தட்டும் விரல் நுனியில் தெரிந்தது. சென்னப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கையோடு இனப்புத்தியும் வந்துவிட்டது.

"இன்னும் வேகமா வுடுங்கம்மா."

"மெதுவாத் தட்டுனாத்தான் நரம்புக்கு ஒவ்வொண்ணும் தெரியுங்க. வுடாம தட்டுனா அலுத்துப்போயி ஒண்ணுமே தெரியாதுங்க."

நிர்மலா அந்தப் பக்கம் திரும்ப, இவர் வேகத்தைக் கூட்டும் குமிழைத் திருகிவிட்டார். தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விரலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் இல்லை.

"மிஷினு செத்துப்போச்சும்மா!"

நிர்மலா மிஷினை நிறுத்தி, கையைக் கொஞ்சம் ஆறவிட்டு, ஒரே ஒரு தட்டு விட்டார். சென்னப்பன் துள்ளி எழுந்தார்.

"இப்பப் புரியுதுங்களா?"

"புரியுது, புரியுது, நல்லாப் புரியுது, புரியுதும்மா."

கொஞ்ச நாளில் விரல் தேறியது. மார்க்கெட்டுக்கு வந்தார். ரஞ்சித்குமார் என்ற விவசாயி பெட்டியை இறக்கினார். மற்ற வியாபாரிகள் சுற்றி நின்றார்கள். சென்னப்பன் ஒரு பழத்தை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினார். தெரிந்தது! என்ன சந்தோஷம்! அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிஜமாகவே தெரிந்ததா என்று இன்னொரு அழுத்து. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கணக்கில்லை.

"அண்ணா, போதும் வுட்டுருங்ணா!" என்றார் ரஞ்சித்குமார்.

"இருப்பா, இப்ப ஒண்ணுமே தெரியல."

சாறு முழங்கைவரை வழிந்தது. கையில் தோல் மட்டும் மிச்சம். கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. வாங்கிய பெயர் என்னாவது? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சென்னைவரைக்கும் தாங்கும்."

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒரு தடவை சிரித்தாயிற்று அல்லவா? பிறகு ஏன் ஐயா மறுபடியும் முதல் வரிக்குப் போகிறீர்கள்?