குக்கர் விசிலடித்த கம்ப்ரஸர்

எனக்குக் கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் செய்த முட்டாள்தனம் அத்தனையும் கோபத்தில் செய்ததுதான். குடித்துக் கெட்டவர்கள் உண்டு, சீட்டாடிக் கெட்டவர்கள் உண்டு. நான் காற்றடிக்கிற ஒரு மெஷின் மேல் வந்த கோபத்தில் கெட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுப் போடியில் ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். ஒர்க்‌ஷாப்பில் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த கம்ப்ரஸர் ஒன்று இருந்தது. முதலாளி வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். என்னை மட்டும் தொட விடமாட்டார். “நீ கை வச்சா அது வெளங்காதுடா” என்று நாலு டிரைவர்கள் முன்னால் ஒரு நாள் சொன்னார். (அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை இந்தக் கதையில்தான் முதல் முறையாக ஒப்புக்கொள்கிறேன்.) எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. சொந்தமாகவே ஒரு கம்ப்ரஸர் செய்து காட்டுவதென்று முடிவு செய்தேன்.

பழைய இரும்புக் கடையில் லாரியின் பிரேக்குக்குக் காற்று அடிக்கும் பம்பு ஒன்று கிடைத்தது. அதே லாரியின் காற்று டேங்க்கையும் எடுத்துக்கொண்டேன். சிலமலையில் ஒரு கிணற்றுக்குள் விழுந்து கிடந்த மோட்டாரைத் தூக்கி, உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக்கொண்டேன். மாவு மில்லில் கழித்துப்போட்ட பெல்ட். எல்லாவற்றையும் உடைந்த இரும்புக் கட்டிலின் சட்டத்தில் ஏற்றி முறுக்கினேன். கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: அழுத்தம் கூடினால் தானாகக் காற்றை வெளியே விடுகிற வால்வு. யோசித்துப் பார்த்துவிட்டு, என் மனைவி செல்விக்குச் சீராக வந்த குக்கரின் வெயிட்டைக் கழற்றி மாட்டினேன்.

“அப்ப சோறு எதுல வைக்கிறது?” என்றாள் செல்வி.

“பானையில வை. ஒங்க ஆத்தா என்ன குக்கர்லயா வச்சாக?”

மெஷின் ஓடியது. ஓடியது என்பதை விட, சமைத்தது என்று சொல்ல வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் விசிலடித்தது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, “செல்வி, பன்னெண்டு விசிலாச்சு, எறக்குடி, கொழைஞ்சிரும்!” என்று கத்தினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்ப்ரஸர் டேங்க்கின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பம்பிலிருந்து காற்றோடு சேர்ந்து வருகிற ஆயிலும் தண்ணீரும் அடியில் தேங்கிக்கொள்ளும். தினமும் திருகைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். என்னுடையதில் அந்தத் திருகு வழியாகக் காற்று கசிந்தது. மூன்று தடவை முறுக்கினேன். கசிந்தது. போடா என்று வெல்டு வைத்து ஒரேயடியாக அடைத்துவிட்டேன். (இதைச் செய்யக் கூடாது என்று ஐ.டி.ஐ.யில் தனிப் பாடமே உண்டாம். அன்றைக்கு நான் மேட்னி ஷோ போயிருந்தேன்.)

இங்கே என் மாமனார் வருகிறார். மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. பெரிய எஸ்டேட்காரர் இல்லை. ஆனால் போடி ஏலக் கூடத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் சாம்பிள் தட்டு வந்தால் வியாபாரிகள் கையில் எடுத்துப் பார்க்காமலே விலை கேட்பார்கள். “அவர் காயா? பாக்க வேணாம்யா” என்பார்கள். மாமாவுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பார், அதை விடமாட்டார்.

அந்த வருடம் மழை இல்லை. காய்த்ததே மூன்று மூட்டைதான். காய்ந்த காயின் காம்பைத் தேய்த்து உதிர்த்து, தூசியைப் புடைத்து எடுப்பது பெண்களின் வேலை. அந்த வாரம் ஆள் கிடைக்கவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, “மாப்ளே, ஏலத்துக்கு ரெண்டு நாளுதான் இருக்கு. புடைக்க ஆளில்ல” என்று புலம்பினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். “இவ்வளவுதான மாமா? மூட்டையக் கொண்டாங்க, ஒரு மணி நேரத்துல ஊதித் தள்ளிர்றேன்” என்றேன். இதை நினைத்தால் இன்றைக்கும் அந்த இருபத்து நாலு வயதுப் பயலைக் கன்னத்தில் அறையலாம் போல இருக்கிறது.

பாயில் காயைப் பரப்பி, குழாயைப் பிடித்து ஊதினேன். தூசி பறந்தது. தூசி போனதோடு காய்க்கு ஒரு பளபளப்பும் வந்தது. பச்சைப் பசேலென்று மின்னியது. மாமா ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏ அப்பு! மிசினு பாலீசும் போடுதுய்யா!”

“அதுக்குத்தான மாமா மிசினு” என்றேன் நான், அப்படி ஒன்று நடக்குமென்று முதல் நாளே தெரிந்த மாதிரி.

அடுப்படியிலிருந்து செல்வி வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “என்னமோ பஸ்ஸ்டாண்டு வாடை அடிக்குதே?”

ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது போடியில் குழந்தைக்கும் தெரியும். மூட்டை வைத்த அறையில் சோப்புக் கட்டியைக்கூட வைக்க மாட்டார்கள். எங்களுக்கும் தெரியும்தான். ஆனால் அங்கே இருந்த இரண்டு ஆம்பளை மூக்குகளின் லட்சணம் என்ன? நான் காலை முதல் மாலை வரை ஆயிலில் ஊறுகிறவன், எனக்கு அது வாடையே இல்லை. மாமா முப்பது வருடமாக மூக்குப்பொடி போடுகிறவர், அவர் மூக்குக்குள் மாடு செத்துக் கிடந்தாலும் தெரியாது. மோந்து பார்க்கத் தெரிந்த ஒரே மனுஷி சொன்னதைக் கேட்டு எனக்குச் சுள்ளென்று ஏறியது. “ஒனக்கு ஒன் குக்கர் வெயிட்டு போன ஆத்திரம். போய்ச் சோலியப் பாரு” என்றேன். அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்த வீட்டில் என்னோடு பேசியது மெஷின் மட்டும்தான்.

ஏலத்தன்று மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனார். எங்கள் தட்டு வந்தது. பளபளப்பைப் பார்த்ததும் விருதுநகர் வியாபாரி ஒருவர், வழக்கத்துக்கு மாறாக, ஒரு கை அள்ளினார். ஒன்றை உடைத்தார். மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது.

“என்னய்யா இது? காயா, கார்புரேட்டரா?”

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விரல்களை வேட்டியில் தேய்த்துக் காட்டினார். கறை. “எண்ணெயப் பூசி மினுக்கிக் கொண்டாந்திருக்கீக. ஒங்க காயைப் பாக்காமலே வாங்குவோம்ல, அதான் ஏமாத்தலாம்னு பாத்தீகளோ?”

மாமா, “யாரப் பாத்து ஏமாத்துறவன்ங்கிற?” என்று பாய்ந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும்போது, இருபது வருடமாகக் கும்பிட்டவர்கள் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். எனக்குத் தரையில் புதைந்துபோகலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமா துண்டில் முடிந்துவந்த காயைச் செல்வியிடம் நீட்டினார். “ஆத்தா, நீ மோந்து பாத்துச் சொல்லு.”

“அன்னைக்கே சொன்னேன்லப்பா. ஆயில் வாடை. நான் சொன்னா யாரு கேக்குறா?” என்றவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அந்த வியாபாரியே தேவலை.

மாமா மூன்று மூட்டையையும் தன் கையாலேயே எருக்குழியில் கொட்டினார். ஒரு வருடத்து உழைப்பு. பிறகு என்னிடம் வந்தார். மாப்ளே என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது.

“அடுத்த ஏலத்துக்கு ஒன் மிசினத் தூக்கிட்டு வர்ற. அத்தன பேரு முன்னாடியும் ஓட்டிக் காமிக்கிற. எங்க வீட்ல களவாணி எவனும் இல்ல, ஒரு கூமுட்டதான் இருக்கான்னு நான் நிரூபிக்கணும்.”

உலகத்தில் எத்தனையோ பேர் தன் மெஷின் நன்றாக ஓட வேண்டுமே என்று வேண்டியிருப்பார்கள். கெட்டுப்போனது என்று ஊருக்குக் காட்டுவதற்காக மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவன் நான் ஒருத்தன்தான். ஏலக் கூடத்துக்கு எதிரே இருந்த கடையில் கரண்ட் வாங்கினோம். வியாபாரிகள், தரகர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். விருதுநகர்க்காரர் முன்னால் நின்றார். மாமா வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

சுத்தமான காற்று வந்தது. துண்டில் ஒரு பொட்டு கறை இல்லை.

(ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சனியன், அன்றைக்கென்று யோக்கியமாகிவிட்டது.)

“துப்பச் சொல்லுய்யா அத!” என்று கத்தினார் மாமா. குக்கர் விசிலடித்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விருதுநகர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். “நல்ல காத்துதான வருது? அப்ப எண்ணெய நீங்கதான பூசியிருக்கீக?”

மாமா துண்டைத் தாழ்த்தினார். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் முன்னால் எது நிற்கிறது, யார் நிற்கிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை. டூல் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். டேங்க்கின் அடியில் நான் வைத்த வெல்டைப் பார்த்து ஒரே போடு போட்டேன்.

உள்ளே தேங்கியிருந்த அத்தனையும் பீய்ச்சிக்கொண்டு வந்தது. கறுப்பாக, கொழகொழவென்று. விருதுநகர்க்காரரின் சட்டை, வேட்டி, கண்ணாடி, மீசை. மாமாவின் துண்டு. எனக்குத் தலை முதல் கால் வரை அபிஷேகம். விருதுநகர்க்காரர் மீசையில் இருந்ததை விரலால் வழித்து மோந்து பார்த்தார்.

“அதே வாடைதான்” என்றார். பிறகு வெல்டு உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். “வடிக்கிற ஓட்டையை எவன்யா அடைச்சது?”

“நான்தாங்க.”

“எதுக்கு?”

“காத்து கசிஞ்சதுங்க.”

அவர் மாமாவின் பக்கம் திரும்பி, கறுப்புக் கையாலேயே கும்பிட்டார். “மன்னிச்சுக்கங்கய்யா. இது ஏமாத்துவேல இல்ல. இவ்வளவு கூறுகெட்டவனால ஏமாத்த முடியாது.”

மாமா நிமிர்ந்து நின்றார். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மருமகன் முட்டாள் என்று சபையில் தீர்ப்பானதற்கு ஒரு மனிதன் அப்படியா பூரிப்பான்! அடுத்த வருடம் அவர் தட்டை மறுபடி யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே விலை கேட்டார்கள்.

இருபத்தைந்து வருடம் கழித்து என் மகளைப் பெண் பார்க்கத் தேவாரத்திலிருந்து வந்தார்கள். நான் அதற்குள் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்து, நாலு பேர் மதிக்கிற ஆளாக இருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா காப்பியைக் குடித்துவிட்டு நேராகவே சொன்னார்: “போடியில ஒங்களப் பத்தி விசாரிச்சோம். ‘நம்பிப் பொண்ணு எடுங்க, அந்தாளுக்கு ஏமாத்தவே தெரியாது, அவுக மாமனாரே சபையில நிரூபிச்சிருக்காரு’ன்னாக. எங்களுக்கு அது போதும். தட்ட மாத்திக்கிருவோம்.”

நாற்காலியில் இருந்த மாமா பொடி மட்டையோடு குலுங்கிச் சிரித்தார். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை வாங்கினேன். எல்லாரும் ஆனந்தத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மகளுக்கு நாங்கள் போட்ட சீரிலேயே பெரிய சீர் என்னுடைய அந்தப் பெயர்தான் என்று செல்வி இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். எனக்குக் கோபம்தான் வருகிறது.