ஆணி அடிக்காத மாடி

"காலி வீடுன்னு எவன் சொன்னான்? கூப்பிடு அவனை!"

மாடிக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை மூன்றாவது தடவை படித்துவிட்டு மேஸ்திரி எகிறினார். வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்து நோட்டீஸ். மாடி வீடு மூன்று வருடமாகப் பூட்டியே கிடப்பதாக ஓர் அரசு ஊழியர் மனு கொடுத்திருக்கிறார், பெயர் போடவில்லை. காலிதான் என்று தெரிந்தால் அவருக்கே ஒதுக்கப்படும்.

"என் உசுரு இருக்கிற வரைக்கும் ஒருத்தன் உள்ள காலை வைக்க முடியாது!"

நாற்பது வருடம் ஊரார் சுவர்களுக்குப் பூச்சு வேலை பார்த்தவர் அவர். சொந்த வீட்டுச் சுவர்களைத் தன் கையாலேயே பூசி, கண்ணாடி மாதிரி இழைத்து வைத்திருந்தார். குடிவைத்தால் ஆணி அடிப்பார்கள். அதனால் குடிவைக்கவில்லை. கீழ் வீட்டில் மனைவிக்கும் அதே சட்டம்தான். அவளுடைய அப்பாவின் படம் ஆறு வருடமாகப் பீரோ மேல் மல்லாந்து கிடந்தது.

"ஒரே ஒரு ஆணிங்க" என்பாள், அரசு ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து காலை நீட்டும்போது.

"மாமா படுத்தே இருக்கட்டும். வயசானவரு."

மறுநாளே ஒதுக்கீட்டு அலுவலக இன்ஸ்பெக்டர் வந்து, மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மாடியில யார் இருக்காங்க?"

"நான்தான் இருக்கேன்!" என்றார் மேஸ்திரி, கீழ் வீட்டு வாசலில் முகமெல்லாம் சவர நுரையோடு.

"கட்டில்கூட இல்லையே?"

"தரையிலதான் படுப்பேன். முதுகுக்கு நல்லது."

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனார். அன்றே கட்டில் மாடி ஏறியது. மனைவி ஒரு பக்கம் பிடித்தாள். படி திரும்பும் இடத்தில் கட்டில் கால் சுவரை ஒரு முழம் கீறியது. தன் தோலையே கீறியது போல மேஸ்திரி அலறினார்.

"சரி, சமையல்?" என்றார் இன்ஸ்பெக்டர் அடுத்த தடவை.

அடுப்பும் மாடி ஏறியது.

"தூக்கிட்டுப் போனவங்களே சமைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மனைவி டூட்டிக்குக் கிளம்பினாள். மேஸ்திரி தாளித்தார். எண்ணெய் தெறித்துச் சுவரெங்கும் மஞ்சள் புள்ளிகள். அழுகை வந்தது, தாளித்த புகை என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் தடவை வந்த இன்ஸ்பெக்டர் நாலு சுவரையும் தடவிப் பார்த்தார்.

"கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு. ஒரு காலண்டர் இல்லை, கண்ணாடி இல்லை, சட்டையைக் கழட்டி மாட்ட ஒரு ஆணி இல்லை. மனுசன் குடியிருக்கிற வீட்டுல ஆணி இல்லாம இருக்குமா மேஸ்திரி? காலின்னுதான் எழுதப்போறேன்."

"எழுதிடுவீங்களா? நாளைக்கு வந்து பாருங்க!"

சாயங்காலம் சுத்தியலை எடுத்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தார், வழவழவென்றிருந்தது. "எவனோ ஒருத்தனுக்கு விட்டுக்கொடுக்கிறதுக்குப் பதிலா நானே குத்திக்கிறேன்!" என்று கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். இரண்டு காரைத் துண்டுகள் உதிர்ந்தன.

"இதுல என்னத்தை மாட்டுறது?"

மனைவி படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பின்னால் நின்றிருந்தாள்.

"இதை மாட்டுங்க. கேசுக்கு ஆகும்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் படத்தையும் ஆணியையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திங்கட்கிழமை விசாரணை. சலவைச் சட்டையில் அலுவலகப் படியேறும்போதே மேஸ்திரி சத்தம் போட்டார்.

"மனு போட்டவன் எங்கே? நேருக்கு நேர் வரச் சொல்லுங்க!"

வாசலில் இருந்த பியூன் எழுந்தார். "மெதுவா பேசுங்க மேஸ்திரி. கேஸ் முடிஞ்சுபோச்சு. மனுவை வாபஸ் வாங்கியாச்சு."

"அப்படி வா வழிக்கு! பயந்துட்டானா?"

பியூன் ஃபைலைப் பிரித்துப் படித்தார். "'எங்கப்பா படத்தை மாட்டியாச்சு, இனி வீடு வேண்டாம்'னு காலையில டூட்டிக்குப் போற வழியில உங்க வீட்டம்மாதான் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க."