ஓட்டுநர் உரிமம்: உண்டு

ஒரு வேலையின் எல்லா விதிகளும் தெரிந்தவனுக்கு அந்த வேலையும் தெரியும் என்று என் உத்தியோக காலம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போன வருடம் ஒரு மைதானத்தில், ஐந்து இரும்புக் கம்பிகளோடு சேர்ந்து கீழே விழுந்தது.

கொச்சி வில்லிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தில் வாகனப் பிரிவு சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜீப்புக்கு ஒரு டயர் மாற்ற எத்தனை கையெழுத்து வேண்டும், ஓடாத லாரியைக் கண்டெம் செய்து கழித்துக்கட்ட எந்தப் படிவம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆபீசில் என் பெயர் 'ரூல் ராவுத்தர்'. (முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர்கள் இரண்டே பேர். அவர்களுடைய பயணப்படி பில் அதன்பிறகு தாமதமானது முற்றிலும் தற்செயல்.)

என் மனைவி ஜமீலா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய தங்கை சுபைதா திருப்பூணித்துறையில் தனியாக இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து சுபைதா படுக்கையில் கிடந்தபோது, ஜமீலா வாரத்துக்கு மூன்று நாள் மட்டாஞ்சேரியிலிருந்து டிபன் கேரியரோடு கிளம்புவாள். ஒரு பஸ், ஒரு மெட்ரோ, ஒரு ஆட்டோ. திரும்பவும் அதே மூன்று. ஒருநாள் வந்ததும் கேரியரைக் கீழே வைத்து, வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நமக்கு ஒரு வண்டி வேணும். சின்னதா ஒரு கரண்டு வண்டி போதும். நான் ஓட்டிக்கறேன்."

முதல் இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொண்டு நான் புதுக் கோப்பு திறந்துவிட்டேன். மூன்றாவது வாக்கியம் கோப்பில் ஏறவில்லை.

வழிகள் மூன்று: கடன், ரொக்கம், லீஸ். கடனை ஜமீலா ஒரே வரியில் முடித்தாள். வட்டி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது கல்யாணம் ஆன நாள் முதல் அவள் சட்டம். வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தன் ஓய்வுக்காலப் பணத்தைக்கூட நடப்புக் கணக்கில்தான் போட்டு வைத்திருந்தாள். ஒரு பைசா ஈட்டாமல் அது சும்மா தூங்குவதை வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் அத்தனை பேரிடமும் சொல்லி நான் சிரித்திருக்கிறேன்.

ரொக்கத்தை நான் நிராகரித்தேன். மின்சார வண்டி செல்போன் மாதிரி, நாலு வருடத்தில் பேட்டரி பழசாகிவிடும், அதில் போய் மொத்தப் பணத்தையும் கொட்டுவதா? ஆகவே லீஸ். மாத வாடகை நம்முடையது, இன்ஷூரன்சும் சர்வீசும் அவர்களுடையது, நாலு வருடம் கழித்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். பதினேழு பக்கத்தில் குறிப்பு எழுதினேன். ஒப்பீட்டு அட்டவணை, பின்னிணைப்பு, கடைசியில் இருபத்திரண்டு இனங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல். அதில் ஒன்பதாவது இனம்: 'ஓட்டுநர் உரிமம்: உண்டு.'

இதற்குப் பதினோரு வாரம் ஆனது. "உங்க ஃபைல் நடந்து முடியறதுக்குள்ள என் முட்டு நின்னு போயிரும்" என்றாள் ஜமீலா. அவசரத்தில் எடுக்கும் முடிவுகளைப் பற்றி அவளுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பாதியில் அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

லீஸ் கம்பெனி எர்ணாகுளத்தில். எதிரே ஒரு பெண், வயது இருபத்தைந்து இருக்கும். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து இரண்டு பிழைகள் கண்டுபிடித்தேன். அவள் திருத்தி, புதிதாக அச்சடித்துக் கொண்டு வந்தாள். வாழ்க்கையில் சில காலைகள்தான் அவ்வளவு அழகாக இருக்கும்.

"சார், லைசன்ஸ்?"

ஒன்பதாவது இனத்தைக் காட்டினேன். அது சரி, கார்டு வேண்டும் என்றாள். ஜமீலா பர்ஸைத் திறந்து கார்டை மேஜையில் வைத்தாள். அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது மேடத்தோடதாணல்லோ. சாருக்கு லைசன்ஸ் இல்லே?"

எனக்கு இல்லை. முப்பத்தோரு வருடம் நாற்பது வண்டிகளைக் கட்டி ஆண்டவன், ஒருநாள்கூட ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்ததில்லை. என் இடம் எப்போதும் பின் சீட்டு, இடது பக்கம். வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டு என்கிற மாதிரி, லைசன்ஸும் உண்டு. யாருக்கு என்று என் பட்டியல் கேட்கவில்லை.

மேடம் பெயருக்கு மாற்ற ஐந்து நிமிடம் போதும் என்றாள் அந்தப் பெண். ஜமீலா பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். அரைக்கிலோ புத்தி உள்ள எவனும் அங்கே வாயை மூடியிருப்பான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, விண்ணப்பதாரர் நான்தான், உரிமத்தை நானே எடுத்து வருகிறேன், அவகாசத்தை எழுத்து மூலம் கொடுங்கள் என்றேன். ஜமீலா பேனாவின் மூடியை மாட்டினாள். 'டக்' என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கற்றுக்கொள்பவர் உரிமத் தேர்வில் முழு மதிப்பெண். (வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?) பிறகு ஷாஜு சேட்டனின் டிரைவிங் ஸ்கூலில் முப்பது நாள். "சாரே, கிளச்சு விடும்போ ரூல் ஆலோசிக்கண்டா" என்று தினமும் கெஞ்சுவார். விதியை யோசிக்காமல் நான் எதைச் செய்திருக்கிறேன்? அந்த முப்பது நாளும் ஜமீலா பஸ், மெட்ரோ, ஆட்டோ.

தேர்வு நாளன்று பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி, என்னை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவளும் ஜமீலாதான். அதில் உள்ள கேலி அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கேரளத்தில் 'எச்' எடுக்க வேண்டும். தரையில் ஆங்கில எச் எழுத்து வடிவில் கம்பிகள் நட்டு நாடா கட்டியிருப்பார்கள். அதற்குள் முன்னும் பின்னும் போய் வர வேண்டும், கம்பியில் பட்டால் தோல்வி. ஷாஜு சேட்டனின் வண்டியில் முன்னால் போனேன், அருமை. பின்னால் வந்தேன், ஒரு கம்பி சாய்ந்தது.

அதோடு இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அரசாங்கச் சொத்துக்குச் சேதம் விளைவித்தவன் அதைப் பழைய நிலையில் வைக்க வேண்டும் அல்லவா? நியூட்ரலில் போட்டு, இறங்கி, கம்பியை நேராக நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் போடவில்லை. மைதானம் லேசான சரிவு. வண்டி, மேஜை மாறும் கோப்பு மாதிரி, அவசரமே இல்லாமல் பின்னால் நகர்ந்தது. நான் நட்ட கம்பியை முதலில் தள்ளியது. பிறகு இன்னும் நான்கு. நாடாவெல்லாம் சுற்றிக்கொண்டு கல்யாண வண்டி போல அது கிளம்ப, ஷாஜு சேட்டன் செருப்பு கழல ஓடி, உள்ளே பாய்ந்து நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் வெகு மரியாதையாக, சார் எந்த டிபார்ட்மெண்டில் இருந்தீர்கள் என்று கேட்டார். வாகனப் பிரிவு என்றேன். பிறகு பேனாவை நன்றாக அழுத்தி எழுதினார்.

திரும்பும்போது, தோப்பும்படி தாண்டியதும் ஜமீலா ஆரம்பித்தாள்:

"அஞ்சு கம்பியும் கண்டெம் ஆயிருச்சு. இனி ஃபைலை மூடலாமா?"

"மூடலாம்."

"பையில ஒரு தாள் இருக்கு, எடுங்க."

காலண்டரில் கிழித்த தாள். அவள் வண்டி கேட்ட அன்றைய தேதி. பின்பக்கம் ஆறே வரியில் கணக்கு: நாலு வருட வாடகை ஏறக்குறைய வண்டியின் விலையைத் தொடுகிறது, முடிவில் கையில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசி வரி: 'பணம் இருக்கு. வாங்கலாம்.'

"இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே."

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்கள்ல. பிள்ளைங்க கணக்குப் போடும்போது டீச்சர் விடையைச் சொல்லக் கூடாது."

அடுத்த வாரம், தூங்குகிறது என்று நான் சிரித்த அந்தக் கணக்கிலிருந்து ஒரு காசோலை போனது. வண்டி ஜமீலா பேரில் வந்தது. லாக் புக் மட்டும் நான் எழுதுகிறேன். ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் தினமும் ஒரே பெயர்.

சுபைதா இப்போது கம்பூன்றி வாசல் வரை நடக்கிறாள். போன வெள்ளிக்கிழமை எங்களை வழியனுப்ப வந்தவளிடம், இரண்டாம் முறை தேர்வுக்கு விண்ணப்பித்திருப்பதைச் சொன்னேன். கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கேட்டாள்:

"மச்சானுக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் உண்டா அக்கா?"

"உண்டு" என்றாள் ஜமீலா, கண்ணாடியைச் சரி செய்தபடி.

"யாருக்கு?" என்றாள் சுபைதா.

இப்போதெல்லாம் எங்கள் குடும்பத்தில் யார் 'உண்டு' என்று சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான். மின்சார வண்டியில் என் பதினேழு பக்கத்தில் வராத குறை ஒன்று இருக்கிறது. எஞ்சின் சத்தமே இல்லாததால், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பது முழுசாகக் கேட்கிறது.