செட்டிங்ஸ் அண்ணனின் இடது கை

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எத்தனை ஷூ கம்பெனி இருக்கிறதோ அத்தனையிலும் ஏறி இறங்கித் தேடிப் பாருங்கள். துப்பாக்கியால் சுடுவதைவிட, எந்தப் பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி சுட வேண்டும் என்று முடிவு செய்வதில் பரமசுகம் கண்டவர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் செட்டிங்ஸ் அண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் அப்படி ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் ரூம் கிளார்க். ரிப்பேருக்கு வந்த ஓர் ஆள் கம்ப்யூட்டரில் ஒரு சுடும் விளையாட்டை ஏற்றி, பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றையும் விட்டுவிட்டுப் போனார். இருட்டு வராந்தாவில் நாமே துப்பாக்கியோடு ஓட வேண்டும், மூலைக்கு மூலை பூதம் வரும். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி அது எங்கள் ராஜ்ஜியம்.

அண்ணன் கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டும் பிரஸ் ஓட்டுபவர். தோலை விரித்து, மேலே வெட்டும் அச்சு வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். சும்மா இருக்கும் கை உள்ளே போய் நசுங்கிவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. பதினெட்டு வருஷம் அப்படியே அழுத்தியதில் அவருடைய வலது கைக்குத் தனியாக எதையும் அழுத்தத் தெரியாமல் போய்விட்டது. ஒரு வீட்டில் வலது கை காலிங் பெல்லை அழுத்தினால்கூட இடது கை பக்கத்துச் சுவரை அழுத்தும்.

முதல் நாள் வலது கை ஜாய்ஸ்டிக்கின் விசையை அழுத்தியது. இடது கை தானாகவே கீழே இடப்பக்கம் இருந்த பொத்தானை அழுத்தியது. அது குதிப்பதற்கான பொத்தான். ஒவ்வொரு குண்டுக்கும் அண்ணன் ஒரு குதி குதித்தார்.

"இன்னாணா, சண்ட போடுறீங்களா, ஸ்கிப்பிங் ஆடுறீங்களா?"

"இரு தம்பி. கைய மாத்த முடியாது, மெஷின மாத்திக்கலாம். அந்த செட்டிங்ஸ் எங்க கீது?"

காட்டியது என் தப்பு. இரண்டு பொத்தானுமே சுடுகிற மாதிரி மாற்றிக்கொண்டார். அதோடு விட்டாரா? ஜாய்ஸ்டிக்கின் குச்சியை நாலு மூலைக்கும் தள்ளி, அதன் நடு எது என்று கம்ப்யூட்டரில் பதியவைக்கும் ஒரு சடங்கு இருந்தது. அதைத் தினமும் செய்தார்.

"நேத்து மழ தம்பி. ஈரத்துல தோலே அர இஞ்ச் இழுக்கும். குச்சி மட்டும் நடுவுலயே நிக்குமா?"

"அண்ணா, இது பிளாஸ்டிக்."

"நீ தோலு வெட்டிக்கீறியா?"

குச்சிக்கு ஆட்டுத்தோலில் ஓர் உறைகூடத் தைத்துப் போட்டார். எல்லாம் சரியாகி அவர் நிமிர்ந்து உட்காரும்போது வேலைக்குச் சங்கு ஊதிவிடும்.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் தோல் வெட்டும் மெஷின் ஒன்று வருவதாகப் பேச்சு எழுந்தது. கட்டிங்கிலிருந்து ஒருவரை மெட்ராஸுக்கு ட்ரெயினிங் அனுப்ப வேண்டும். மேனேஜர் என்னிடம் சொன்னார்: "நாளைக்கி மதியானம் வர்றேன். உன் ரூம்ல தெனம் கேம் ஆடுறாரே செட்டிங்ஸ் அண்ணன், அவரு கம்ப்யூட்டர்ல கை ஓட்றத பாக்கணும். நல்லா ஓட்னா அவரையே அனுப்பிடலாம்."

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "சம்பளத்த வுடு தம்பி. உக்காந்து செய்ற வேலயாம்! பதினெட்டு வருஷமா நின்னு நின்னு முட்டி போச்சி."

எனக்கு வயிறு எரிந்தது. கம்ப்யூட்டர் டிப்ளமோ வாங்கிய நான் இன்வாய்ஸ் அடித்துக்கொண்டிருக்க, எட்டாவது படித்தவருக்கு மெட்ராஸா? மறுநாள் சாப்பாட்டு மணிக்கு முன்னால், இடது பொத்தானை ஆயுதம் மாற்றும் பொத்தானாக ஆக்கி வைத்தேன். அரை நிமிஷ வேலை.

மேனேஜர் வந்தார். அண்ணன் வழக்கம்போல, "செட்டிங்ஸ் ஒரு தபா பாத்துடறேன் சார்" என்றார்.

"டைம் இல்லப்பா, ஆரம்பி."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்துட்டியா தம்பி?"

"பாத்துட்டேண்ணா" என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அண்ணன் சுட்டார். துப்பாக்கி போய் பீரங்கி வந்தது. பீரங்கியால் சுட்டார், கத்தி வந்தது. பூதம் நிதானமாக வந்து அவரை அடித்தது.

"இன்னாப்பா, பூதத்துக்கு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி யாவாரம் பண்றியா?" மேனேஜர் சிரித்தார். பிறகு சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல எதுனா கோளாறா? யாராவது கை வெச்சாங்களா?"

நான் இன்வாய்ஸ் கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் செட்டிங்ஸைத் திறந்தார். இடது பொத்தானுக்கு நேரே இருந்ததைப் படித்தார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், ஆனால் அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். என்னை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாம் சரியாதான் கீது சார். என் கைதான் பேஜார் பண்ணுது."

மெட்ராஸுக்கு வேறொருவர் போனார். அண்ணன் ரிடையர் ஆகும்வரை பிரஸ் முன்னால் நின்றுகொண்டே வேலை செய்தார்.

மேனேஜர் வந்துபோன அன்று, இனி அவர் என் ரூம் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் மணி அடித்ததும் வந்தார். உட்கார்ந்தார். செட்டிங்ஸைத் திறக்காமல் நேராக ஆட்டத்தை ஆரம்பித்தார்.

"அண்ணா, செட்டிங்ஸ்?"

"அதான் நீ பாத்துருப்பியே தம்பி."

பார்த்துத்தான் வைத்திருந்தேன், காலையிலிருந்து ஏழு தடவை.