யானை வாத்தியாரும் ஞாயிறு தூக்கமும்

ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷோடு கணக்காளர் வீட்டாருக்கு ஓர் அறிவிப்பு விடுத்தார். இன்றோடு கார்ட்டூனுக்குத் தடை. ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும் இனி சதுரங்கம் கற்பார்கள். அதற்கென்றே ஒரு மென்பொருள் வாங்கியாகிவிட்டது. மூளை வளரும், பொறுமை வளரும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனதில், வாயிலிருந்த நுரை சட்டைவரை வளர்ந்தது.

உண்மைக் காரணத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் எண்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஞாயிறு மதியத் தூக்கம்தான் ஒரே சொத்து. அந்தச் சொத்தின்மேல்தான் பிள்ளைகள் வாராவாரம் ஏறிக் குதித்தார்கள்.

மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிள்ளைகள் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டாமா என்றாள். வேண்டவே வேண்டாம், யானை பார்த்துக்கொள்ளும் என்றார். மென்பொருளில் பாடம் நடத்துவது கண்ணாடி போட்ட ஒரு யானை.

"உங்களுக்கு செஸ் நல்லாத் தெரியுமோ?"

"எனக்கா? காலேஜ்ல என்னைப் பாத்தாலே ராஜா எழுந்து ஓடுவான்."

அப்படியானால் மதியம் அக்கா வீடுவரை போய்வருகிறேன் என்றாள். அவர் குளித்து வருவதற்குள் டேப்லெட்டை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, சத்தத்தைக் குறைத்து, எல்லாம் தயாராக வைத்திருந்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று கணக்காளர் நெகிழ்ந்துபோனார். மதியம் அவள் படியிறங்கியதும் கட்டிலில் சாய்ந்தார்.

கண் சொருகும் நேரத்தில் மகள் அவர் காலைச் சுரண்டினாள். "அப்பா, யானை உங்களக் கூப்பிடுது."

எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்து ஆடினால்தான் பாடம் தொடரும் என்றது யானை. யாரோ 'குடும்ப ஆட்டம்' என்று அமைத்துவைத்திருந்தார்கள். மாற்றப் போனால் பூட்டு. அதற்கு எண் கிடையாது. பிள்ளைகள் திறந்துவிடக் கூடாதே என்று ஒரு சதுரங்கப் புதிரையே பூட்டாகப் போட்டிருந்தார்கள். இரண்டே நகர்த்தலில் வெள்ளை ஜெயிக்க வேண்டும்.

ராணியை நகர்த்தினார். தப்பு. குதிரையைத் தாண்டவிட்டார். அதுவும் தப்பு. ஆத்திரத்தில் ஒரு சிப்பாயைப் பிடித்துத் தள்ளினார். யானை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. "பரவாயில்லை கண்ணு. வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அழைத்து வா."

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டதும் எடுத்தாள். குரல் கரகரத்தது. பூட்டு ஏதோ மக்கர் பண்ணுகிறது என்றார்.

"ரெண்டே நகர்த்தல்தானேங்க. காலேஜ்ல ஆடின உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

தெரியாது என்ற ஒரு சொல் போதும், தூங்கியிருக்கலாம். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. அங்கே மானம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் போனை வைத்தார்.

மகன் திரையை எட்டிப் பார்த்து, இது எனக்குத் தெரியுமே என்று விரலை நீட்டினான். மகள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"தொடாதடா. அம்மா காலைல நமக்கு மட்டும்தானே காட்டினாங்க? திறந்தா அப்பா தூங்கிடுவாரு."

கணக்காளர் கெஞ்சினார், மிரட்டினார், ஐஸ்கிரீம் என்றார். மகள் காய்களை அடுக்கினாள். முதல் ஆட்டத்தில் மகளிடம் தோற்றார். அடுத்ததில் மகனிடம். மூன்றாவதில் யானையே இரக்கப்பட்டு, ஒரு நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னது. எடுத்துக்கொண்டும் தோற்றார்.

வெளிச்சம் மங்கும்போது மனைவி வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. திரையை இரண்டு தட்டு தட்டினாள். பூட்டு திறந்துகொண்டது.

கணக்காளர் சிவந்த கண்களால் அவளைப் பார்த்தார். போனை உடனே எடுக்கக்கூட முடியாதபடி அக்காவோடு அப்படி என்ன பேச்சு என்று கேட்டார்.

"அக்கா எங்க இருக்காங்க? அவங்கதான் குடும்பத்தோட வெளியூர் போயிட்டாங்களே. சாவி என்கிட்ட இருந்துச்சு," என்று சோம்பல் முறித்தாள் மனைவி. "போய்ப் படுத்ததுதான் தெரியும். என்னா தூக்கம்ங்க!"